'இல்லை' என்ற பதிலுக்குள் ஐந்து பேர்: ஒரு படிவமும் ஓர் ஆய்வுக்கட்டுரையும்

விமர்சனம் என்றால் நாவலுக்கு எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம், ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். ஓர் அரசுப் படிவத்துக்கு யாரும் எழுதுவதில்லை. இத்தனைக்கும் எந்த நாவலும் போய்ச் சேராத வீடுகளுக்கெல்லாம் படிவம் போய்ச் சேர்கிறது. அதில் உள்ள கேள்விகள் கோடிக்கணக்கானவர்களிடம் வாசிக்கப்படுகின்றன. அதில் விழும் பதிலை வைத்துத்தான் மாத்திரை வாங்குகிறார்கள், ஆள் போடுகிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள். அதனால் இந்த முறை ஒரு படிவத்தை எடுத்து வரிவரியாக வாசிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். அதில் பாதி நாள், யாரோ ஒருவர் நிரப்பப்போகும் படிவத்துக்குப் பின்னால் இருக்கிற டேட்டாபேஸை வடிவமைக்கிற வேலை. ஆகவே மருத்துவம் சரியா தப்பா என்பதற்குள் போகமாட்டேன். ஒரு ஊரின் உடல்நலத் தேவை என்ன என்று கண்டுபிடிக்க ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனால், அந்தத் தாள் எதைப் பிடிக்கும், எதை விடும்? எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

முதல் பிரதி: படிவம்

நான் எடுத்துக்கொண்டது தேசிய அளவில் தொற்றா நோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தில் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'சிபேக்' என்று சொல்வார்கள். முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒன்று. பல மாநிலங்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து கேட்டு நிரப்புவார்.

முதல் பகுதியில் மதிப்பெண். வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலுழைப்பு உண்டா, குடும்பத்தில் பிரஷர், சுகர், இதயநோய் யாருக்காவது உண்டா. ஒவ்வொன்றுக்கும் பதிலைப் பொறுத்து ஓர் எண். கூட்டினால் நாலுக்கு மேல் வந்தால் அந்த ஆளை முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அடுத்த பகுதியில் அறிகுறிகள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, வாயில் ஆறாத புண்ணா, வாயைத் திறக்கச் சிரமமா, பார்வை மங்கலா, வலிப்பு வந்ததுண்டா என்று போகும். பெண்களுக்குத் தனியாகச் சில வரிகள்: மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, உடலுறவுக்குப் பின் ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல். இதில் எதற்காவது 'ஆம்' என்றால் டாக்டர் இருக்கிற பக்கத்து நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள், புகையிலோ தூசியிலோ வேலையா என்ற கேள்விகள். கடைசியாக மனச்சோர்வுக்கு இரண்டு கேள்விகள்.

இதைப் படிவம் என்ற முறையில் பாராட்டத்தான் வேண்டும். சுருக்கமானது. படிப்பு அதிகமில்லாத பணியாளரும் கூட்டிப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நோய் இருக்கிறது, அந்த நோய்க்குப் பின்னால் ஒரு சிகிச்சை இருக்கிறது. விறகடுப்பைக் கேட்டது அழகு. நுரையீரல் பிரச்சினையை நுரையீரலில் தேடாமல் அடுப்படியில் தேடுகிறது. மனச்சோர்வைச் சேர்த்தது அதைவிடப் பெரிய விஷயம்.

எனக்குச் சிக்கல் கேள்விகளில் இல்லை. பதில் விழும் பெட்டியில் இருக்கிறது. அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் இரண்டே பெட்டி: ஆம், இல்லை.

டேட்டாபேஸ் வேலை செய்கிறவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. பூஜ்யம் வேறு, வெறுமை வேறு. ஒரு கணக்கில் இருப்பு பூஜ்யம் என்றால் காசு இல்லை என்று அர்த்தம். வெறுமை என்றால் எவ்வளவு இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கூட்டினால் வரும் மொத்தம் தப்பு. ஆனால் பார்க்கச் சரியாகவே தெரியும். இந்தப் படிவத்தின் 'இல்லை' அந்த மாதிரி. நோய் இல்லாதவரும் அதில்தான் விழுகிறார், சொல்லாதவரும் அதில்தான் விழுகிறார்.

இரண்டாம் பிரதி: ஓர் ஆய்வுக்கட்டுரை

மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில் கட்சிரோலி. 1982ல் சந்திரபூரிலிருந்து பிரித்து உருவாக்கிய மாவட்டம். காடு, பழங்குடி மக்கள், வறுமை. ராணி பங், அபய் பங் என்ற டாக்டர் தம்பதி நாகபுரியில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்து, திரும்பி வந்து 1986 வாக்கில் இங்கே 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ராணி பங் மகப்பேறு, மகளிர் மருத்துவர்.

அன்றைக்கு அரசுத் திட்டங்களின் கண்ணில் கிராமத்துப் பெண் என்றால் இரண்டே விஷயம்: பிரசவம், குடும்பக்கட்டுப்பாடு. கர்ப்பமாக இல்லாத நேரத்தில் அவளுக்கு ஓர் உடம்பு இருக்கிறது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. மகளிர் நோய்கள் எவ்வளவு என்று யாராவது கேட்டால் ஆஸ்பத்திரிக் கணக்கைக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு, வராதவர்களைப் பற்றி என்ன சொல்லும்?

ராணி பங் குழுவினர் இரண்டு கிராமங்களில் பெண்களை நேராகப் பார்த்தார்கள். அறிகுறி இருக்கிறது என்று வந்தவர்களை மட்டும் இல்லை, இல்லை என்றவர்களையும். கல்யாணமாகாத பெண்களும் உண்டு. பேசி, உள்பரிசோதனை செய்து, ஆய்வகத்தில் சோதித்து, 650 பெண்களின் நிலையைப் பதிவு செய்தார்கள். 1989 ஜனவரியில் 'லான்செட்' இதழில் நாலே பக்கத்தில் வெளிவந்தது.

எண்கள் இவை. 55 சதவீதம் பெண்கள் ஏதாவது உபாதை சொன்னார்கள். 45 சதவீதம் ஒன்றும் இல்லை என்றார்கள். பரிசோதித்தபோது 92 சதவீதம் பேருக்கு ஒன்றோ அதற்கு மேலோ மகளிர் நோய் அல்லது பால்வினை நோய் இருந்தது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு 3.6 நோய்கள். இதற்கு முன் வாழ்நாளில் ஒரு தடவையாவது மகளிர் மருத்துவப் பரிசோதனை நடந்தவர்கள் 8 சதவீதம்.

கட்டுரையின் சுருக்கத்தில் நேரடியாகச் சொல்லாத ஒரு கணக்கை நாமே போடலாம். உபாதை சொன்ன 55 பேருக்கும் நோய் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் 92ல் 55 போக 37 மிச்சம். அந்த 37 பேரும் 'ஒன்றும் இல்லை' என்று சொன்ன 45 பேருக்குள்தான் இருந்தாக வேண்டும். அதாவது 'இல்லை' என்று சொன்னவர்களில் குறைந்தபட்சம் ஐந்தில் நாலு பேருக்கு 'இருந்தது'. கருணையாகக் கணக்கு போட்டால் வருகிற எண் இது. உண்மை இதைவிட அதிகமாக இருக்கலாம், குறைய வழியில்லை.

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் அந்தக் கட்டுரையை இந்தப் படிவத்தின் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன்.

கட்டுரையையும் விடக்கூடாது

படிவத்தைக் குறைசொல்லிவிட்டுக் கட்டுரைக்குக் கற்பூரம் காட்டுவது விமர்சனம் ஆகாது. அந்த 92 சதவீதத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, தகுதியுள்ள பெண்கள் எல்லாரும் பரிசோதனைக்கு வந்துவிடவில்லை, கணிசமானோர் வரவில்லை. உபாதை உள்ளவர்கள் அதிகமாக வந்திருந்தால் எண் கூடியிருக்கும். வெட்கப்பட்டு நோயாளிகளே ஒதுங்கியிருந்தால் குறைந்திருக்கும். எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இரண்டு, எதையெல்லாம் நோய் என்று எண்ணினார்கள் என்பது. பட்டியலில் தொற்றுகள் உண்டு, மாதவிடாய்க் கோளாறுகள் உண்டு, கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பில் தெரியும் சிவந்த மாற்றமும் உண்டு. அந்தக் கடைசி விஷயத்தை இன்றைக்குப் பல மருத்துவர்கள் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை; பெரும்பாலும் இயல்பான ஒன்று என்கிறார்கள். வலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு மீன்.

இதை ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊரிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 1996-97ல் தமிழ்நாட்டில் நடத்தி, 2005ல் வெளியிட்டது. 16 முதல் 22 வயதுக்குள் கல்யாணமான 451 பெண்கள். இதில் 53 சதவீதம் உபாதை சொன்னார்கள். ஆய்வகச் சோதனையில் தொற்று உறுதியானது 38 சதவீதம். உபாதை சொன்னவர்களின் விகிதம் கட்சிரோலியில் வந்ததற்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. நோய் விகிதம்தான் எங்கேயோ இருக்கிறது. இங்கே எண்ணியது இனப்பெருக்கப் பாதைத் தொற்றை மட்டும், அதுவும் இளம் பெண்களிடம் மட்டும். அங்கே எண்ணியது எல்லா மகளிர் நோய்களையும், எல்லா வயதுப் பெண்களிடமும்.

ஆக 92 என்ற எண்ணை நாடு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டுரையின் பலம் அந்த எண்ணில் இல்லை. 'இல்லை' என்று சொன்னவர்களையும் பரிசோதித்துப் பார்த்தார்களே, அதில் இருக்கிறது. படிவத்தின் பதிலை நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் வழி. எங்கள் தொழிலில் இதைச் சோதனை ஓட்டம் என்போம். சோதித்துப் பார்க்காத மென்பொருளை வாடிக்கையாளரிடம் கொடுத்தால் வேலை போய்விடும்.

வேலூர் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. உபாதை சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த ஒரு வருஷத்தில் எந்தச் சிகிச்சையும் தேடவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்து நிலையத்தில் பெண் மருத்துவப் பணியாளர் இல்லை. மறைவு இல்லை. தூரம். செலவு. அப்புறம், 'இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்ற நினைப்பு.

ஐந்து பேர்

இரண்டு ஆய்வுகளையும் படித்த பிறகு 'இல்லை' என்ற பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே குறைந்தது ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒருவர், நிஜமாகவே ஒன்றும் இல்லாதவர்.

இரண்டாமவர், நோய் இருப்பதே தெரியாதவர். கட்சிரோலிக் கணக்கில் அந்த 37 பேரில் பலர்.

மூன்றாமவர், உபாதை தெரியும், ஆனால் அதை நோய் என்று நினைக்காதவர். பொம்பளையாப் பிறந்தா இதெல்லாம் இருக்கும் என்று வளர்ந்தவர்.

நாலாமவர், நோய் என்று தெரியும், இந்த இடத்தில், இந்த ஆட்கள் முன்னால் சொல்ல முடியாதவர்.

ஐந்தாமவர், சொல்லவும் முடியும், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கணக்குப் போட்டவர். 'ஆம்' என்றால் இருபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். ஒரு நாள் கூலி போகும். அங்கே ஆண் டாக்டர் இருப்பார். 'இல்லை' என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

இந்த ஐந்து பேருக்கும் தேவை வேறு வேறு. இரண்டாமவருக்குப் பரிசோதனை வேண்டும். மூன்றாமவருக்கு, அது நோய்தான், குணமாகும் என்று சொல்ல ஆள் வேண்டும். நாலாமவருக்கு ஒரு தனி அறை. ஐந்தாமவருக்கு ஒரு பஸ்ஸும், கூலி போகாத ஒரு நேரமும், ஒரு பெண் டாக்டரும். படிவத்தில் ஐந்து பேரும் ஒரே டிக் மார்க்.

நாலாமவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கோபிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒரு கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வந்தார். எந்தக் கணக்கெடுப்பு என்பது இங்கே முக்கியமில்லை. பொறுமையான பெண், சிரித்த முகம். பிரஷர், சுகர் எல்லாம் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வெள்ளைப்படுறது, ரத்தம் படுறது, அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குங்களா அம்மா?" என்றார். நான் எழுந்து உள்ளே போவதற்குள், "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, இந்த வயசுல என்ன வரப்போவுது" என்று பெரியம்மா முடித்துவிட்டார். திண்ணையில் நான், எதிர்வீட்டு வாசலில் இரண்டு ஆம்பளைகள். வேறென்ன பதில் வரும்? பெரியம்மாவுக்கு அடி இறங்கிப் பன்னிரண்டு வருஷமாக அவஸ்தை என்பது, பிற்பாடு என் மனைவி ஒரு வாரம் அங்கே தங்கியபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது. அதுவும் கேள்வி கேட்டுத் தெரியவில்லை. இராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று பார்த்ததில் தெரிந்தது.

வந்த பெண் வேலையைச் சரியாகத்தான் செய்தார். கேள்வியும் சரியான கேள்விதான். அவர் கொண்டுபோன பதிலில் மட்டும் பெரியம்மா இல்லை.

யாருடைய தேவை?

'அப்படியானால் மக்களிடமே மனசுவிட்டுக் கேட்டால் போதும், அவர்களுக்குத் தெரியாதா?' என்று ஒரு கட்சி உண்டு. 'மக்களுக்கு என்ன தெரியும், நிபுணர் சொல்லட்டும்' என்பது எதிர்க்கட்சி. இந்தச் சண்டைக்கு 1972லேயே ஜொனாதன் பிராட்ஷா என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு கணக்குத் தீர்த்து வைத்தார். தேவை என்ற ஒரே சொல்லை நாலு விதமாகப் பயன்படுத்துகிறோம் என்றார். நிபுணர் வகுத்த தேவை. மக்கள் மனசில் உணரும் தேவை. வாய்விட்டு, அல்லது நடந்து போய்க் கேட்ட தேவை. பக்கத்து ஊருக்குக் கிடைத்து இந்த ஊருக்குக் கிடைக்காததால் தெரியவரும் தேவை. நாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பங் தம்பதியின் அனுபவத்திலேயே இந்த இழுபறி தெரிகிறது. கட்சிரோலிக்கு வந்த புதிதில் அவர்கள் அரிவாள் செல் ரத்தசோகையை ஆராய்ந்து, அங்கே அந்த மரபுநோய் இருப்பதைக் காட்டினார்கள். அறிவியலாகப் பார்த்தால் நல்ல வேலை. ஆனால் மக்கள் அதைத் தங்கள் பிரச்சினையாகக் கேட்கவில்லை, அது ஆராய்ச்சியாளர்களின் தேவையாக இருந்தது என்று அபய் பங் பிற்பாடு வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, மக்கள் சொல்வதே சரி' என்று முடிவுகட்ட எனக்குத் தயக்கம். 2023ல் மத்திய அரசு அதே நோயை ஒழிக்க ஒரு தேசிய இயக்கமே தொடங்கியது. மக்கள் கேட்கவில்லை என்பதால் நோய் இல்லாமல் போய்விடவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் அங்கேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று பழங்குடி மக்களிடம் கேட்டிருக்கிறார்கள். வந்த பதில்களில் ஒன்று: டாக்டரும் நர்ஸும் வெள்ளை உடுத்துகிறார்கள், நாங்கள் பிணத்துக்குத்தான் வெள்ளை சுற்றுவோம். இன்னொன்று, சொந்தக்காரர்களைக் கூட இருக்கவிடுவதில்லை. எந்த நிபுணர், எந்தப் படிவத்தில், 'உங்களுக்கு வெள்ளைத் துணியைப் பார்த்தால் பயமா?' என்று ஒரு வரி போட்டிருப்பார்? அதைக் கேட்டுக்கொண்டு, உறவினர் கூடத் தங்குகிற மாதிரி குடிசைகளாக ஆஸ்பத்திரியைக் கட்டி, அவர்கள் கும்பிடுகிற தந்தேஸ்வரி அம்மன் பெயரையே வைத்தார்கள்.

மகளிர் நோய்களை மக்கள் முழுதாகச் சொல்லவில்லை, பரிசோதனைதான் காட்டியது. வெள்ளைத் துணியைப் பரிசோதனை காட்டவே காட்டாது, மக்கள்தான் சொன்னார்கள். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை. தேவைக் கணக்கெடுப்பு என்றால் இரண்டும் சேர்ந்தது. நம் படிவம் இரண்டில் எதையும் முழுதாகச் செய்யவில்லை. நிபுணர் வகுத்த தேவையை எடுத்துக்கொண்டு, மக்கள் வாயால் 'ஆம், இல்லை' என்று உறுதிசெய்யச் சொல்கிறது.

படிவத்துக்காக ஒரு வக்கீல் வாதம்

'இது புற்றுநோய், சுகர், பிரஷருக்கான முதல்கட்ட வடிகட்டிதான், ஊரின் எல்லாத் தேவையையும் அளக்க யார் சொன்னார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறிப்பிட்ட நோய்களைத் தேடுவது வேறு, ஓர் ஊருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது வேறு. முதலாவதற்கு இந்தப் படிவம் நல்ல கருவி.

ஆனால் நடப்பில் என்ன ஆகிறது? வீடு வீடாகப் போகும் தகவல் இது, கம்ப்யூட்டரில் ஏறுகிறது, மாவட்டவாரியாகக் கூட்டல் வருகிறது, திரையில் பச்சை சிவப்பாகத் தெரிகிறது. கண்முன் இருக்கிற எண்தான் திட்டம் போடுகிறவர் கைக்கு வரும். வடிகட்டிக்காக எழுதிய 'இல்லை', கொஞ்ச நாளில் 'இந்த வட்டாரத்தில் இந்தப் பிரச்சினை குறைவு' என்று மாறிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பல அலுவலகத் திரைகளுக்கு நானே கோடு எழுதியிருப்பதால் சொல்கிறேன், கட்டத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்துவிட்டால் அது எப்படி வந்தது என்று கேட்கிறவர் கிடையாது.

இதில் மிகவும் பாதிக்கப்படுவது யார் என்று பாருங்கள். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு டாக்டர் 1971ல் ஒரு விதி சொன்னார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகவே கிடைக்கும். படிவத்தை வைத்து இதற்கு ஒரு துணைவிதி சேர்க்கலாம். மருத்துவம் குறைவாக உள்ள ஊரில் ஐந்தாமவர் அதிகம். ஐந்தாமவர் அதிகம் என்றால் 'இல்லை' அதிகம். 'இல்லை' அதிகம் என்றால் அந்த ஊருக்கு மருத்துவம் இன்னும் குறையும். ஆஸ்பத்திரி இல்லாததே, ஆஸ்பத்திரி தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

இது வெறும் தர்க்க விளையாட்டு இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே நாம்தான் முன்னால் என்று மார்தட்டிக்கொள்ளலாம். அதே எண், பத்தில் ஒன்பது பெண்களை யாரும் பார்க்கவில்லை என்றும் சொல்கிறது. கட்சிரோலியின் 8 சதவீதத்தையும் இதையும் நேராக ஒப்பிடக் கூடாது, அளவுகோல் வேறு, வயது வேறு. ஆனால் முப்பது வருஷம் கழித்தும் நாம் ஒற்றை இலக்கத்தில்தான் நின்றோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கட்டிலோடு கிடக்கிறவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு, இயன்முறைச் சிகிச்சை. நல்ல திட்டம். வாசலில் வைத்துச் செய்யக்கூடியதை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வாசலில் வைத்துச் செய்ய முடியாத பரிசோதனைக்குத்தான் வழி இன்னும் பாதி போடப்படாமல் கிடக்கிறது.

நான் திருத்தினால்

விமர்சனம் எழுதுகிறவன் மாற்றும் சொல்ல வேண்டும். என் வேலைக்குட்பட்ட அளவில் நாலு யோசனை.

முதலாவது, மூன்றாவது பெட்டி. 'ஆம்', 'இல்லை'யோடு 'கேட்க முடியவில்லை' என்று ஒன்று. பக்கத்தில் ஆள் இருந்தார்கள், பதில் சொல்லத் தயங்கினார், வீட்டில் இல்லை, எதுவானாலும் அதில் போடலாம். வெறுமையைப் பூஜ்யமாக்காமல் வெறுமையாகவே பதிவு செய்யும் வசதி. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு பணியாளரின் தாளில் அந்தப் பெட்டி நிறைய நிரம்பியிருந்தால் அவரைத் திட்டக் கூடாது, அந்த ஊரில் தனி அறை வேண்டும் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பெண்களுக்கான அந்தச் சில வரிகளைத் திண்ணையில் வாசிக்காமல் இருப்பது. அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ வாரத்தில் ஒரு மத்தியானம், நர்ஸ் ஒருவர், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை.

மூன்றாவது, 'ஆம்' என்றவரிடம் இன்னும் ஒரே கேள்வி: அனுப்புகிற இடத்துக்குப் போக முடியுமா, முடியாவிட்டால் ஏன்? தூரமா, கூலியா, பெண் டாக்டர் இல்லையா, துணைக்கு ஆள் இல்லையா? நான் பார்த்த படிவத்தில் உடம்பைப் பற்றி இத்தனை கேள்வி இருக்கிறது, ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. தேவை என்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் இல்லையா?

நாலாவதுதான் முக்கியம். வட்டாரத்துக்கு ஒரு கிராமம், வருஷத்துக்கு ஒரு தடவை, கட்சிரோலி பாணியில். 'ஆம்' என்றவர், 'இல்லை' என்றவர் இரண்டு தரப்பையும் சம்மதத்தோடு முழுதாகப் பரிசோதிப்பது, கையோடு சிகிச்சையும் கொடுப்பது. சிகிச்சை கொடுக்க வழியில்லை என்றால் பரிசோதிக்கவும் கூடாது. எல்லாரையும் பரிசோதிக்க நம்மிடம் டாக்டர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கிராமத்தைப் பார்த்தால் மற்ற கிராமங்களின் தாளில் உள்ள 'இல்லை'யை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். அந்த விகிதம் தெரியாமல் கூட்டல் கணக்கை அச்சடிப்பதில் அர்த்தம் இல்லை.

கட்சிரோலிக் கட்டுரை வெளிவந்து சில வருஷங்களில் உலக அளவிலேயே பேச்சு மாறியது. 1994ல் கெய்ரோ மாநாடு குடும்பக்கட்டுப்பாட்டைத் தாண்டிப் பெண்களின் இனப்பெருக்க நலம் என்று பேசியது. 1997ல் இந்தியாவும் அந்தப் பெயரிலேயே திட்டம் தொடங்கி, இனப்பெருக்கப் பாதைத் தொற்றுகளை அதில் சேர்த்தது. அந்தத் திசைமாற்றத்துக்கு உதவிய ஆய்வுகளில் இந்த நாலு பக்கமும் ஒன்று. இன்றைக்கு நம் படிவத்தில் வெள்ளைப்படுதலைக் கேட்கும் ஒரு வரி இருக்கிறது. 1989க்கு முன்னால் அந்த வரி இருந்திருக்காது.

வரி வந்துவிட்டது. அடுத்து வர வேண்டியது கதவு சாத்தக்கூடிய அந்த அறை.